மெதுவாகப் போனதற்குமா டிக்கெட்?

கேள்வி கேட்டவர் கலிஃபோர்னியாவில் சன்னிவேலில் வேலை பார்க்கிறார். அவர் மனைவி லைசென்ஸ் வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. ஒரு வாரநாள் காலை பத்தரை மணிக்கு 280 ஃப்ரீவேயில், இடது பக்கத்திலிருந்து இரண்டாவது லேனில், 45 மைல் வேகத்தில் போய்க்கொண்டிருந்தாராம். பேஜ் மில் எக்ஸிட் பக்கம் ஹைவே போலீஸ் பின்னால் விளக்கைப் போட்டு ஓரங்கட்டச் சொல்லி, டிக்கெட் எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். டிக்கெட்டில் 22400 என்று ஒரு எண். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாவுக்கு இது தாங்கவில்லை. "வேகமா போனா ஃபைன் போடுவான், சரி. பத்திரமா போனாலுமா போடுவான்?" என்கிறாராம். கேட்டவருக்கு மூன்று விஷயம் தெரிய வேண்டும். அப்படி ஒரு சட்டம் நிஜமாகவே இருக்கிறதா? கோர்ட்டில் எதிர்க்கலாமா? எச்-1பி வேலை விசாவுக்கு ஸ்டாம்பிங், அதாவது பாஸ்போர்ட்டில் விசா முத்திரை, வாங்கப் போகும்போது இது வந்து நிற்குமா?

சட்டம் இருக்கிறது. கலிஃபோர்னியா வாகனச் சட்டத்தின் 22400-ஆம் பிரிவு. அதன் சாரத்தைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: நியாயமாக ஓடிக்கொண்டிருக்கும் போக்குவரத்தை மறிக்கும்படியோ அதற்கு இடைஞ்சலாகவோ அத்தனை மெதுவாக யாரும் ஓட்டக் கூடாது, பாதுகாப்புக்காகவோ, சாலை ஏற்றமாக இருப்பதாலோ, வேறொரு சட்டம் சொல்வதாலோ வேகத்தைக் குறைத்திருந்தால் குற்றமில்லை. காரணமில்லாமல் சாலை நடுவில் நிறுத்தி வைப்பதும் இதே பிரிவில்தான் வருகிறது.

இந்த வாசகத்தில் ஒரு எண்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். "50-க்குக் கீழே போகாதே" என்று எங்கேயும் சொல்லவில்லை. குறிப்பிட்ட சாலையில் குறைந்தபட்ச வேகம் வைக்க மாநிலப் போக்குவரத்துத் துறைக்கு அதிகாரம் உண்டு. வைத்தால் பலகை நட வேண்டும். பலகை இல்லாத இடத்தில் அளவுகோல் உங்கள் ஸ்பீடாமீட்டரில் இல்லை, உங்களுக்குப் பின்னால் வருகிறவர்களிடம் இருக்கிறது. விடியற்காலை நாலு மணிக்கு ஆளில்லாத 280-இல் 45-இல் போனால் யாருக்கு இடைஞ்சல்? அதே 45 காலை பத்தரைக்கு, அதுவும் இரண்டாவது லேனில் என்றால், பின்னால் வருகிறவன் ஒவ்வொருவனும் பிரேக் மிதித்து லேன் மாற வேண்டியிருக்கும். போலீஸ்காரர் பார்த்தது அதைத்தான்.

உங்கள் மனைவிக்கு ஆறுதலாக ஒன்று சொல்கிறேன். இதே பிரிவைச் சொல்லி மனிதன் ஓட்டாத காரையே நிறுத்தியிருக்கிறார்கள். 2015 நவம்பர் 12, உங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் மவுண்டன் வியூவில், எல் கமினோ ரியல் சாலையில். ரெங்ஸ்டார்ஃப் அவென்யூ பக்கத்தில் மூன்றாவது லேனில் கூகுளின் தானோட்டிக் கார் ஒன்று, உருண்டைப் பூச்சி மாதிரி இருக்குமே அந்தச் சின்ன வண்டி, 35 மைல் சாலையில் 24-இல் போய்க்கொண்டிருந்தது. பின்னால் வண்டிகள் சேர்ந்துகொண்டே வந்ததைப் பார்த்த மோட்டார் சைக்கிள் போலீஸ்காரர் அதை ஓரங்கட்டினார். உள்ளே இருந்த ஊழியர்களிடம், இந்த வண்டி எந்தச் சாலையில் எந்த வேகம் என்று எப்படி முடிவு செய்கிறது என்று விசாரித்துவிட்டு, 22400 பற்றி எடுத்துச் சொல்லி அனுப்பிவிட்டார். டிக்கெட் கிடையாது. அந்தக் காரை 25 மைலுக்கு மேல் போகாதபடி கூகுளே கட்டிப்போட்டிருந்தது. அக்கம்பக்கத்தில் ஓட்டும் சின்ன மின்வண்டி என்ற வகையில் அது சேரும். அந்த வகை வண்டி 35 மைல் வரம்புள்ள சாலை வரைக்கும் வரலாம். ஆக, அந்த வண்டி அந்தச் சாலையில் இருந்தது சட்டப்படி சரி, அதன் வேகமும் அந்த வகைக்குச் சரி, பின்னால் சேர்ந்த வரிசைதான் பிரச்சினை. மனிதர்களை இதற்காக அடிக்கடி நிறுத்தமாட்டார்கள் என்று கூகுள் ஆட்கள் அன்றைக்கு வேடிக்கையாக எழுதினார்கள். என்னை நிறுத்தியிருக்கிறார்கள்.

நான் வந்த புதிது. பழைய டொயோட்டா கொரோலா, கையில் மேப்க்வெஸ்ட் என்ற இணையதளத்தில் வழி பார்த்துப் பிரிண்ட் எடுத்த ரெண்டு தாள். இரவு பதினோரு மணி, நண்பனின் அபார்ட்மென்ட்டுக்குத் திரும்பும் தெருவைத் தேடிக்கொண்டு 45 மைல் சாலையில் 28-இல் ஊர்கிறேன். ஒவ்வொரு சிக்னலிலும் தெருப் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே போகிறேன். திடீரென்று கண்ணாடி முழுக்கச் சிவப்பும் நீலமும். வண்டியை ஓரங்கட்டி, நம்ம ஊர் வழக்கப்படி, பேப்பரையெல்லாம் கையில் எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து இறங்கிவிட்டேன். அங்கே சப்-இன்ஸ்பெக்டர் ஜீப் பக்கத்தில் நிற்பார், நாம்தான் ஆர்.சி. புக்கை எடுத்துக்கொண்டு "சார்" என்று போய் நிற்க வேண்டும். உட்கார்ந்த இடத்திலேயே இருந்தால் திமிர் என்று அர்த்தம். இங்கே அந்த மரியாதையைக் காட்டினேன். ஸ்பீக்கரில் ஒரு கத்தல்: வண்டிக்குள் போ! கை நடுங்கியதில் தாள் ரெண்டும் காற்றில் பறந்துவிட்டன. இன்றைக்கும் மேப்க்வெஸ்ட் என்ற பெயரைக் கேட்டால் எனக்கு அந்த ராத்திரிதான்.

அவர் பக்கத்தில் வந்து டார்ச்சை முகத்தில் அடித்து, "எவ்வளவு குடித்தாய்?" என்றார். குடிக்கவே மாட்டேன் என்றேன். பேனாவை எடுத்துக் கண்ணெதிரே இடமும் வலமுமாக நகர்த்தி, தலையை ஆட்டாமல் கண்ணால் மட்டும் அதைப் பின்தொடரச் சொன்னார். குடித்தவர்களுக்குக் கருவிழி ஓரத்துக்குப் போகும்போது துடிக்கும். அதைப் பார்ப்பதற்கான சோதனை அது. திருப்தியானதும் குரல் தணிந்தது. "உன் பின்னால் எத்தனை வண்டி வந்தது தெரியுமா?" என்று கேட்டார். தெரியவில்லை. "என்னைச் சேர்த்து ஐந்து" என்று சொல்லி, அபார்ட்மென்ட்டுக்கும் வழி சொல்லிவிட்டுப் போனார். நான் அந்தத் தெருவைத் தாண்டி ஒன்றரை மைல் வந்திருந்தேன்.

மெதுவாகப் போகிறவனைப் பார்த்தால் ஏன் குடியைச் சந்தேகப்படுகிறார்கள் என்பது பின்னால்தான் புரிந்தது. இரவில் குடித்துவிட்டு ஓட்டுகிறவர்களைத் தூரத்திலிருந்தே அடையாளம் காண 24 அறிகுறிகள் கொண்ட பட்டியல் ஒன்றை அமெரிக்கக் கூட்டரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு போலீசுக்குக் கொடுத்திருக்கிறது. லேனுக்குள் அலைவது, விளக்குப் போடாமல் வருவது, பச்சை விழுந்தும் கிளம்பாமல் நிற்பது, இவற்றோடு "வரம்புக்கு 10 மைல் அல்லது அதற்கு மேல் குறைவான வேகம்" என்பதும் அதில் ஒன்று. தனக்குப் போதை என்று தெரிந்தவன் மாட்டிக்கொள்ளக் கூடாதென்று அளவுக்கு மீறி ஜாக்கிரதையாக ஓட்டுவான். அந்த ஜாக்கிரதையே காட்டிக்கொடுத்துவிடும். குடி இல்லையென்றால் வேறு சந்தேகங்கள் வரும். ஓட்டுகிறவருக்குச் சர்க்கரை இறங்கிவிட்டதா, நெஞ்சு வலியா, தூக்கமா, மடியில் போனை வைத்து மெசேஜ் அடிக்கிறாரா? நிறுத்திப் பார்த்தால்தான் தெரியும். அதனால் இந்த மாதிரி நிறுத்தல்களில் பலது எச்சரிக்கையோடு முடிந்துவிடும். பகலில், ஃப்ரீவேயில், நடு லேனில் என்றால்தான் டிக்கெட் வரைக்கும் போவார்கள்.

இன்னொரு விஷயம் இப்போது மாறியிருக்கிறது. முன்பெல்லாம் ஜன்னல் பக்கம் வந்ததும் "ஏன் நிறுத்தினேன் தெரியுமா?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். நாமும் பதறிப்போய், "வேகமாப் போயிட்டேனா சார்?" என்று இல்லாததையெல்லாம் ஒப்புக்கொள்வோம். 2024 ஜனவரி 1 முதல் கலிஃபோர்னியாவில் ஏபி 2773 என்ற சட்டத்தின்படி, விசாரிக்க ஆரம்பிக்கும் முன்பே நிறுத்திய காரணத்தைப் போலீஸ்காரர் சொல்லிவிட வேண்டும். உயிருக்கு ஆபத்து மாதிரியான அவசர நிலைமைக்கு மட்டும் விலக்கு. ஆகவே உங்கள் அப்பாவிடமும் மனைவியிடமும் சொல்லி வையுங்கள்: வலது பக்க ஓரத்தில் நிறுத்து, இறங்காதே, ஸ்டியரிங் மேல் இரண்டு கையையும் வை, கண்ணாடியை இறக்கு, அவர் காரணத்தைச் சொல்லட்டும். க்ளவ் பாக்ஸுக்குள் கையை விடுவதற்கு முன்னால் "பேப்பர் அதற்குள் இருக்கிறது, எடுக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு எடு. ஃப்ரீவேயில் அவர்கள் பெரும்பாலும் பயணி பக்க ஜன்னலுக்குத்தான் வருவார்கள், ஓடும் வண்டிகளுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டாம் என்று. அந்தப் பக்கத்திலிருந்து திடீரென்று கண்ணாடியைத் தட்டினால் பதற வேண்டாம்.

இனி லேன் விஷயம். உண்மையில் உங்கள் மனைவி மாட்டியது இதில்தான் என்பது என் கணிப்பு. 22400-க்குப் பக்கத்திலேயே வைத்துப் படிக்க வேண்டிய இன்னொரு பிரிவு 21654. அந்த நேரத்தில் அந்தச் சாலையில் மற்ற வண்டிகள் வழக்கமாக ஓடும் வேகத்தைவிடக் குறைவாகப் போகிறவர் வலது ஓர லேனில் போக வேண்டும். முந்தும்போதும் இடது பக்கம் திரும்ப ஆயத்தமாகும்போதும் மட்டும் விலக்கு. வேக வரம்பு என்னவாக இருந்தாலும் இது பொருந்தும் என்று சட்டமே சொல்கிறது. அதாவது எல்லாரும் 75-இல் பறக்கும்போது நீங்கள் இடது கோடியில் 65-ஐப் பிடித்துக்கொண்டு, "நான் வரம்பில்தானே போகிறேன்" என்று சொல்ல முடியாது. 75-இல் போகிறவனும் குற்றவாளிதான், அவனுக்கு வேறு டிக்கெட். ஆனால் அவனைத் திருத்துவது உங்கள் வேலை இல்லை.

இந்த இடத்தில் நம் ஊர்ப் பழக்கம் காலை வாரும். சென்னையிலிருந்து திருச்சிக்கு நாலு வழிச் சாலையில் போனவர்களுக்குத் தெரியும், சரக்கு லாரி எங்கே போகும் என்று. நடுத் திட்டை ஒட்டிய வலது லேனில், 40 கிலோமீட்டரில், ஆடி அசைந்து. இடது ஓரத்தில் டீக்கடை, எதிர்த்திசையில் வரும் பைக், ஆடு, திடீரென்று ஏறும் டிராக்டர் எல்லாம் இருப்பதால் லாரிக்காரருக்கு அதுதான் நிம்மதி. வேகமாகப் போகிறவர்கள் இடது பக்கமாக வளைந்து முந்துவார்கள். அங்கே வேக லேன் என்பது பலகையில் மட்டும்தான். அந்தப் பழக்கத்தில் வந்தவர்களுக்கு ஓரத்து லேன் என்றாலே பயம். இங்கே வலது ஓரத்தில் ராம்ப் என்ற இணைப்புப் பாதையிலிருந்து வண்டிகள் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். அந்தத் தொல்லையே வேண்டாமென்று நடுவில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். புதிதாக ஓட்டும் நம்மவர்கள் பலரிடம் இதைப் பார்த்திருக்கிறேன். நானும் ஒரு வருடம் அப்படித்தான் ஓட்டினேன்.

உங்கள் அப்பாவிடம் இன்னொன்றும் சொல்லலாம். நம் நாட்டுச் சட்டமும் வேகத்தின் மேல் எல்லையோடு நிற்கவில்லை. 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 112-ஆம் பிரிவு, தேவைப்பட்ட சாலைகளில் குறைந்தபட்ச வேகத்தையும் அறிவிக்க மாநில அரசுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. அந்தப் பலகை அவர் கண்ணில் பட்டிருக்காது.

மெதுவாகப் போனால் ஆபத்தா என்று அவர் கேட்டால் பதில் கொஞ்சம் சிக்கல். கணக்கை முதலில் பார்ப்போம். மற்றவர்கள் 70, நீங்கள் 45. வித்தியாசம் 25 மைல், அதாவது மணிக்கு 40 கிலோமீட்டர், நொடிக்குச் சுமார் 11 மீட்டர். உங்களுக்குப் பின்னால் 90 மீட்டரில் ஒருவன் வருகிறான், அவன் ரேடியோ ஸ்டேஷனை மாற்றிவிட்டு நிமிர்ந்து பார்க்க நாலு நொடி என்றால், பாதித் தூரம் போயிருக்கும். மிச்சம் இருப்பதும் நாலு நொடிதான். அவன் பக்கத்து லேனுக்குத் திருப்பினால் அந்த லேனில் வருகிறவன் பிரேக் போட வேண்டும். ஆரம்பித்து வைத்தவர் ஒன்றும் தெரியாமல் முன்னால் போய்க்கொண்டிருப்பார்.

இதற்கு ஆதாரமாக எல்லாரும் இழுப்பது 1964-இல் டேவிட் சாலமன் என்பவர் அமெரிக்கக் கூட்டரசின் சாலைத் துறைக்காக எழுதிய ஆய்வு. நாட்டுப்புற நெடுஞ்சாலைகளில் விபத்தில் சிக்கிய வண்டிகள் மற்ற வண்டிகளின் சராசரி வேகத்திலிருந்து எவ்வளவு விலகியிருந்தன என்று பார்த்து ஒரு படம் போட்டார். அது நீர்க்கிண்ணம் மாதிரி வளைந்திருந்தது. நடுவில் பள்ளம், சராசரியைவிட வேகமாகப் போகப் போகவும் ஏற்றம், மெதுவாகப் போகப் போகவும் ஏற்றம். "வேகம் கொல்லாது, வித்தியாசம்தான் கொல்லும்" என்று வேகப் பிரியர்கள் இன்றுவரை இதைத்தான் காட்டுகிறார்கள். அவர்கள் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. சாலமன் எண்ணிய மெதுவான வண்டிகளில் திரும்புவதற்காக வேகம் குறைத்தவை, கிளைச் சாலையிலிருந்து அப்போதுதான் ஏறியவை எல்லாம் கலந்திருந்தன. 1971-இல் வெஸ்ட், டன் என்ற இருவர் திரும்பும் வண்டிகளை ஒதுக்கிவிட்டு இன்னொரு கணக்குப் பார்த்தபோது, மெதுவானவர்கள் பக்கத்து ஏற்றம் பெரிதும் அடங்கிவிட்டது. இடித்தால் என்ன ஆகும் என்பதையும் மறக்க வேண்டாம். மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கமாக ஏறுகிறது. ஆகவே 90-இல் போகிறவனையும் வலது ஓரத்தில் 55-இல் போகிற பெரியவரையும் ஒரே தராசில் வைப்பதை நான் ஏற்கமாட்டேன். நடு லேனில் 45 என்பது வேறு கதை.

மெதுவாகப் போவதே சட்டம் என்கிற இடங்களும் இருக்கின்றன. குளிர்காலத்தில் சென்ட்ரல் பள்ளத்தாக்கில் டூலி மூடுபனி இறங்கும். பானெட்டுக்கு முன்னால் ஒன்றும் தெரியாது. 2007 நவம்பரில் ஃப்ரெஸ்னோ பக்கத்தில் 99-ஆம் நெடுஞ்சாலையில் அந்தப் பனிக்குள் நூறுக்கும் மேற்பட்ட வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று போய் மோதின. அங்கே பலகையில் 65 என்று போட்டிருப்பதற்கு அர்த்தமே இல்லை. மழை, பனி, கூட்டம், சாலையின் நிலை பார்த்து நியாயமான வேகத்தில்தான் போக வேண்டும் என்று 22350-ஆம் பிரிவு சொல்கிறது. 22400-ம் அதைத்தான் "பாதுகாப்புக்காக" என்ற சொல்லில் விட்டு வைத்திருக்கிறது. யூ-ஹால் வாடகை டிரெய்லர் கட்டி வீடு மாற்றினால் உங்களுக்கு மேல்வரம்பே 55. டயர் பஞ்சராகி அந்தக் குட்டி ஸ்பேர் டயரைப் போட்டிருந்தால், 50-க்கு மேல் போகாதே என்று அதன் பக்கவாட்டிலேயே எழுதியிருக்கும். வலது லேனில் போய் அடுத்த எக்ஸிட்டில் இறங்கிவிடுங்கள்.

மலைப் பாதைக்குத் தனி விதி இருக்கிறது. அதை நம்மவர்கள் தெரிந்துகொள்ளாததால் எத்தனை பேர் பல்லைக் கடித்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. நீண்ட வாரக்கடைசி, யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்கு 120-ஆம் நெடுஞ்சாலையில் போகிறோம். வாடகை மினிவேன், ஏழு பேர், பின்னால் புளியோதரைத் தூக்கு, பக்கத்தில் வாந்தி எடுக்கக் காத்திருக்கும் ஒரு குழந்தை. மோக்கசின் தாண்டி பிரீஸ்ட் கிரேடு ஏற்றம் ஆரம்பிக்கிறது. ஒருபுறம் மலை, மறுபுறம் பள்ளம். ஓட்டுகிறவர் 20-க்கு இறங்கிவிடுகிறார். அதில் தப்பே இல்லை, ஏற்றத்துக்குச் சட்டமே விலக்குத் தருகிறது. ஆனால் ஒரு பக்கத்துக்கு ஒரே லேன் உள்ள, முந்த முடியாத சாலையில் உங்களுக்குப் பின்னால் ஐந்து வண்டி சேர்ந்துவிட்டால், பாதுகாப்பாக ஒதுங்க முடிகிற அடுத்த இடத்தில் ஒதுங்கி அவர்களைப் போகவிட வேண்டும். 21656-ஆம் பிரிவு. அதற்காகத்தான் அங்கங்கே ஓரத்தை அகலப்படுத்தி டர்ன்அவுட் என்று பலகை வைத்திருக்கிறார்கள். அது போட்டோ எடுக்க விட்ட இடம் என்று நினைத்துக்கொண்டு நம்மவர்கள் தாண்டிப் போவார்கள், அல்லது நிஜமாகவே அங்கே இறங்கி போட்டோ எடுப்பார்கள். ஒதுங்குவதற்கு அரை நிமிஷம்கூட ஆகாது. பின்னால் வந்தவர்கள் கை காட்டிவிட்டுப் போவார்கள், குழந்தைக்கும் கொஞ்சம் காற்று கிடைக்கும். ஐந்து என்பதில் உங்கள் வண்டி சேராது, பின்னால் ஐந்து. நான் மூன்றிலேயே ஒதுங்கிவிடுவேன்.

வேறு மாநிலத்துக்கு மாறினால் எண்களே வந்துவிடும், அதையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். மிச்சிகன் ஃப்ரீவேக்களில் குறைந்தபட்சம் 55. ஃப்ளோரிடாவில் நாலு லேனுக்குக் குறையாத இன்டர்ஸ்டேட்களில் 40, அதில் வரம்பு 70 என்று போட்டிருந்தால் 50. ஜார்ஜியாவில் 2014-இலிருந்து இடது லேனை அடைத்துக்கொண்டு போகிறவர்களுக்கென்றே சட்டம் இருக்கிறது.

இனி உங்கள் டிக்கெட். கையெழுத்துப் போட்டதால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடுமோ என்று மனைவி அழுதார் என்று எழுதியிருந்தீர்கள். ஆகாது. குறித்த தேதிக்குள் கோர்ட்டுக்குப் பதில் சொல்கிறேன் என்ற வாக்குறுதிதான் அந்தக் கையெழுத்து. சில வாரத்தில் கவுன்ட்டி கோர்ட்டிலிருந்து தொகையைப் போட்டுக் கடிதம் வரும். அடிப்படை அபராதம் சின்னதாக இருக்கும். அதன்மேல் மாநிலம், கவுன்ட்டி, கோர்ட் கட்டடம் என்று ஒவ்வொருவரும் தலையில் கட்டிய வரிகள் சேர்ந்து பல மடங்காகியிருக்கும். பார்த்து மயங்கி விழ வேண்டாம். கடிதம் வராவிட்டாலும் டிக்கெட்டில் உள்ள தேதிதான் தேதி. வீடு மாறிவிட்டேன், கடிதம் கிடைக்கவில்லை என்பதெல்லாம் செல்லாது.

எதிர்க்க வேண்டுமென்றால் நேரில் போகாமலே எழுத்தில் வாதாடலாம். டிஆர்-205 என்ற படிவம். அபராதத் தொகையை முதலில் கட்டிவிட்டு, உங்கள் பக்கத்தை எழுதி அனுப்ப வேண்டும். போலீஸ்காரரிடமும் எழுதி வாங்குவார்கள். நீதிபதி இரண்டையும் படித்து முடிவு சொல்வார். ஜெயித்தால் பணம் திரும்பிவிடும். தோற்றாலும் 20 நாளுக்குள் டிஆர்-220 போட்டு, முதலிலிருந்து நேரில் விசாரிக்கச் சொல்லிக் கேட்கலாம். வாதாடுவதற்கு இதில் இரண்டே புள்ளிதான் உண்டு: யாருக்கும் இடைஞ்சல் ஆகவில்லை, அல்லது மெதுவாகப் போக நியாயமான காரணம் இருந்தது. டாஷ்கேம் இருந்து, அதில் பின்பக்கம் காலியாகத் தெரிந்தால், அல்லது அன்றைக்கு எஞ்சின் விளக்கு எரிந்து மெக்கானிக்கிடம் போன பில் இருந்தால், தாராளமாக எதிர்க்கலாம். "புதுசாக ஓட்டுகிறேன், பயமாக இருந்தது" என்பது மனிதருக்குப் புரியும் காரணம். சட்டத்தில் அதற்கு இடமில்லை. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் நானாக இருந்தால் எதிர்க்கமாட்டேன்.

அதற்குப் பதில் டிராஃபிக் ஸ்கூல் கேட்பேன். பாதுகாப்பாக ஓட்டுவது சம்பந்தப்பட்ட குற்றங்களுக்குப் பொதுவாக டிஎம்வி என்ற மாநில வாகனத் துறையின் பதிவில் ஒரு புள்ளி ஏறும். 12 மாதத்தில் நாலு புள்ளி ஆனால் லைசென்சுக்கே ஆபத்து. சாதாரண லைசென்ஸ் உள்ளவர் 18 மாதத்துக்கு ஒருமுறை டிராஃபிக் ஸ்கூல் முடித்து, அந்தப் புள்ளி இன்சூரன்ஸ் கம்பெனி கண்ணில் படாமல் மறைத்துக்கொள்ளலாம். ஆன்லைனிலேயே படித்து முடிக்கலாம். புதிதாக லைசென்ஸ் வாங்கியவருக்கு இன்சூரன்ஸ் பிரீமியம் ஏற்கெனவே தலைக்கு மேல் இருக்கும், அதோடு இதுவும் சேர வேண்டாம்.

விசா கேள்விக்கு வருகிறேன். இது இன்ஃப்ராக்‌ஷன் என்ற கடைசித் தட்டுக் குற்றம். ஜெயில் தண்டனைக்கே இடமில்லாதது. யாரும் யாரையும் கைது செய்யவில்லை. எனக்குத் தெரிந்து இந்த மாதிரி டிக்கெட் வாங்கிவிட்டு ஸ்டாம்பிங்குக்குப் போனவர்கள் யாரும் இதற்காகத் திரும்பி வரவில்லை. இரண்டு விஷயத்தில்தான் கவனம் தேவை. ஒன்று, தேதிக்குள் பதில் சொல்லாமல் விட்டால் அது தனிக் குற்றம், ஒரு தட்டு மேலே போய்விடும். பிறகு உண்மையாகவே வக்கீலைத் தேட வேண்டி வரும். இரண்டாவது உங்களுக்குப் பொருந்தாது, ஆனாலும் சொல்கிறேன்: குடித்துவிட்டு ஓட்டி மாட்டினால் கைதே போதும், தீர்ப்பு வருவதற்கு முன்பே விசாவை ரத்து செய்யும் நடைமுறை 2015 நவம்பரிலிருந்து இருக்கிறது. மெதுவாகப் போனவருக்குப் பேனா சோதனை வைப்பது நம்மைச் சோதிக்க அல்ல என்று இப்போது உங்கள் அப்பாவுக்குப் புரியும்.

மனைவி ஃப்ரீவே பக்கமே போகமாட்டேன் என்கிறார் என்றீர்கள். விட்டுவிடாதீர்கள். நான் சில பேருக்குக் கற்றுக்கொடுத்த வழி இதுதான்: ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு 280-க்குப் போங்கள், நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள், வாயை மூடிக்கொண்டு. 45-இன் வேர் பெரும்பாலும் ராம்ப்பில் இருக்கிறது. ராம்ப் முழுக்க 35-இல் வந்து, ஃப்ரீவேக்குள் நுழைந்த பிறகு மெல்ல வேகம் எடுக்கலாம் என்று நினைப்பார்கள். அதற்குள் பின்னால் வருகிறவன் ஹாரன் அடிப்பான். அந்தப் பயத்திலேயே வேகம் ஏறாது. ராம்ப் என்பதே வேகம் பிடிப்பதற்காகப் போட்ட ஓடுபாதை. வளைவு முடிந்ததும் ஆக்சிலரேட்டரை மிதித்து, ராம்ப் முடியும் இடத்தில் 60-ஐத் தொட்டிருக்க வேண்டும். உள்ளே போனதும் வலது லேன், அல்லது அதற்கு அடுத்தது. க்ரூஸ் கன்ட்ரோலில் 62 என்று வைத்துவிடுங்கள். கண்ணை ஸ்பீடாமீட்டரிலிருந்து எடுத்துப் பத்து நொடிக்கு ஒருமுறை நடுக் கண்ணாடிக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். பின்னால் வருகிற வண்டி பெரிதாகிக்கொண்டே வந்தால் வேகம் போதவில்லை. அதே அளவில் நின்றால் சரி. மூன்று ஞாயிற்றுக்கிழமை போதும்.

அப்பா லிவர்மோர் கோயிலுக்குத் தானே ஓட்டிக்கொண்டு போகிறேன் என்கிறார் அல்லவா. சுற்றுலா விசாவில் வந்தவர் ஊர் லைசென்ஸ் செல்லுபடியாக இருந்தால் கலிஃபோர்னியாவில் ஓட்டலாம், உங்கள் இன்சூரன்ஸ்காரரிடம் மட்டும் அவர் பெயரைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். போகும்போது 680, 580 என்று பெரிய சாலையிலேயே கூட்டிப் போங்கள். அழகாக இருக்கிறதே என்று நைல்ஸ் கேன்யன் வழியே விட்டீர்களானால் அது ஒற்றை லேன், அவர் 30-இல் போவார், கோயில் நடை சாத்துவதற்குள் பின்னால் ஃப்ரீமான்ட் ஊரே வந்து நிற்கும்.